ஏழு நாற்பத்திரண்டுக்கு வைத்த நிலை

அன்று மதியம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தபோது எங்கள் தெருவாசல் படலையில் மீன்காரரின் சைக்கிள் சாய்ந்து நின்றது. மீன்பெட்டியைச் சுற்றி இரண்டு காகங்கள். பெட்டிக்குச் சொந்தக்காரரைக் காணவில்லை. முன்கதவு பாதி திறந்து கிடந்தது. உள்ளேயிருந்து கருகிய பருப்பின் மணம் வந்தது.

அண்ணர் முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். முகத்தை என் பக்கம் திருப்பவில்லை. மீன்காரர் குசினியிலிருந்து வெளியே வந்தார். கையில் எங்கள் பருப்புச் சட்டி. அடி முழுக்கக் கறுப்பு.

"அடுப்பை நிப்பாட்டிப்போட்டன் சேர். ஐயா ஜன்னலால கூப்பிட்டவர். நல்லவேளை நான் இந்தப் பக்கம் வந்தனான்" என்றார். பிறகு தோளைத் தடவிக்கொண்டு கதவைத் திரும்பிப் பார்த்தார். "உங்கட கதவைத் திறக்கிறதைவிடச் சுறாவை வெட்டுறது சுகம்."

நடந்தது இதுதான். பருப்பைச் சூடாக்க வைத்துவிட்டு அண்ணர் கண்ணயர்ந்திருக்கிறார். விழித்தபோது வீடு முழுக்கப் புகை. குசினிப் பக்கம் போக முடியவில்லை. முன்கதவை இழுத்திருக்கிறார். அது ஒரு அடி வந்து நின்றுவிட்டது. பாரிசவாதம் வந்த பிறகு அவருக்கு வலக்கை தொங்கல், வலக்கால் பாதி. இடக்கையால் கதவை இழுத்தால் ஊன்றிய பொல்லை விடவேண்டும். பொல்லை விட்டால் ஊன்றி நின்று இழுக்க முடியாது. கடைசியில் ஜன்னல் கம்பியைப் பொல்லால் தட்டித் தெருவைக் கூப்பிட்டிருக்கிறார். துறைமுகத்தில் முப்பது வருடம் லாஞ்ச் ஓட்டிய மனிதர்.

அன்று பின்னேரம் அவர் என்னையும் மனைவியையும் கூப்பிட்டு இருத்தினார்.

"தம்பி, நான் மட்டக்களப்புக்குப் போறன்."

மட்டக்களப்பில் ஒரு வயோதிபர் இல்லம். கனடாவில் இருக்கும் அவருடைய மகள் பல மாதங்களாக அதைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருந்தாள். அதுவரை "ஏலாது" என்ற ஒரே சொல்லால் அவர் அதை நிறுத்தி வைத்திருந்தார்.

"உன்ர வீட்டில எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் வெளியில போக இன்னொரு ஆள் வரும்வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்கிறதுக்குப் பேர் மறியல், சிறை. மறியலெண்டால் அதை வேற ஊரில இருக்கிறன்."

"கதவைத் திருத்திவிடுறன் அண்ணை" என்றேன்.

"பதினாறு வருசமா அதைத்தானே சொல்லுறாய்" என்றார்.

முதலாம் திகதி அவரைக் கூட்டிப்போக வான் வருவதாக ஏற்பாடாயிற்று. ஞாயிற்றுக்கிழமை. இடையில் பன்னிரண்டு நாட்கள். அண்ணர் மறுநாளே உடுப்புகளை மடித்துப் பெட்டியில் அடுக்கி, அந்தப் பெட்டியைக் கொண்டுபோய் முன்கதவுக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னார். நான் போகவர அதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அங்கே வைத்தார் என்று இன்றும் நம்புகிறேன்.

கதவைத் திறக்கும் முறை

எங்கள் வீடு திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில். முன்கதவு பாலை மரம், நல்ல பாரம், உள்நோக்கித் திறப்பது. மூடியிருக்கும்போது பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. திறந்தால் முதல் ஒரு அடிக்கு ஒழுங்காக வரும். பிறகு முனகும். பிறகு கத்தும். பாதியில் சிவப்புச் சீமெந்துத் தரையைக் கடித்துக்கொண்டு நின்றுவிடும்.

ஒரு குடும்பம் எந்த முட்டாள்தனத்துக்கும் பழகிக்கொள்ளும் என்பதற்கு நாங்களே சாட்சி. மனைவி கைப்பிடியை இரண்டு கையாலும் தூக்கி, கதவின் அடியில் இடக்காலால் ஒரு தட்டுத் தட்டி இழுப்பாள். நான் தூக்குவதில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுவை. வருகிறவர்களுக்கு நாங்கள் உள்ளே நின்று "தள்ளுங்கோ, இன்னும் தள்ளுங்கோ" என்று சொல்வோம், மணலில் ஏறிய வள்ளத்தைக் கடலுக்குள் இறக்குகிறவர்களைப் போல. கதவைத் திறக்கத் தெரிந்தவர் வீட்டுக்காரர், தெரியாதவர் விருந்தாளி என்றாகிவிட்டது. அதில் எங்களுக்கு ஒரு அற்பப் பெருமைகூட இருந்தது.

மனைவி அந்தக் கதவுக்கு ஒரு நன்மை கண்டுபிடித்து வைத்திருந்தாள். துறைமுகப் பக்கத்துக் காற்று எழும்பினால் அயலில் உள்ள கதவெல்லாம் படார் படாரென்று அடிபடும்; கல்லையோ கட்டையையோ முண்டாக வைத்துத்தான் நிறுத்துவார்கள். எங்களுடையது அசையாது. "முண்டு குடுக்கத் தேவையில்லாத கதவு" என்பாள். பழுதான மணிக்கூட்டைச் சத்தம் போடாத மணிக்கூடு என்று மெச்சுகிறவர்களும் உண்டு.

கதவின் அடி உரசி உரசித் தரையில் ஒரு வில் விழுந்திருந்தது. நான் தொழிலால் படவரைஞன். காணிகளின் எல்லைகளைக் கோட்டில் வரைபவன். கவராயத்தால் கீறியது போன்ற அந்த வில்லை நான் ரசித்ததும் உண்டு. அது எந்த இடத்தில் தொடங்குகிறது என்று மட்டும் ஒருநாளும் குனிந்து பார்க்கவில்லை.

சீவியவர்கள்

பதினாறு வருடத்தில் கதவைத் திருத்த மூன்று ஓடாவிமார், தச்சர்கள், வந்தார்கள். முதலாமவர் மாரி காலத்தில் வந்தார். "மழைக்கு மரம் ஊதும் சேர்" என்று சொல்லி, கதவைக் கழற்றிக் கிடத்தி, அடியைச் சீவிவிட்டுப் போனார். கோடை வந்தது. கதவு அப்போதும் கத்தியது.

இரண்டாமவர் "வெயிலுக்கு மரம் வளையும்" என்றார். மழைக்கு ஊதும், வெயிலுக்கு வளையும் என்றால் திருகோணமலையில் ஒரு கதவு ஒழுங்காக நிற்கும் மாதம் எது என்று கேட்டேன். சற்றும் யோசிக்காமல் "மாசி" என்றார். சொல்லிவிட்டு அவரும் சீவினார்.

மூன்றாமவர் சீவவில்லை. தரையில் மெழுகுதிரி தேய்க்கச் சொன்னார். தேய்த்தோம். கதவு அப்படியே நின்றது. மனைவி வழுக்கி விழுந்தாள்.

முட்டுகிற இடத்தைக் குறைப்பதற்கு ஓடாவி தேவையில்லை. எலியே அதைச் செய்யும். ஏன் முட்டுகிறது என்று கேட்பதற்குத்தான் ஆள் தேவை. இரண்டு பேரும் சீவியதில், மூடிய கதவுக்கும் தரைக்கும் இடையில் ஒரு விரல் வெளி விழுந்துவிட்டது. அதனால் தவளை வந்தது, பூரான் வந்தது, மாரித் தண்ணீர் வந்தது. ஒருநாள் காலையில் வெளிப்படியில் படுத்திருந்த, ஊருக்குள் திரியும் மானொன்றின் வால்நுனி கதவுக்கு அடியால் உள்ளே தெரிந்தது. இவ்வளவும் உள்ளே வந்தன. உள்ளே இருப்பவர் வெளியே போகத்தான் வழி இல்லை.

எனக்கோ ஆரம்பத்திலிருந்தே ஒரு தீர்ப்பு இருந்தது. வீட்டைக் கட்டிய திரியாய் ஊர்க்கார மேசன் தரையை மேடாகப் போட்டுவிட்டான் என்பது. இந்தப் பத்திரிகைத் தொடரில் வீடு கட்டிய கதையை எழுதியபோதும் அவரை "கண்ணை வீட்டில் வைத்துவிட்டு வேலைக்கு வந்த மேசன்" என்று எழுதியிருந்தேன். வாசகர்கள் சிலர் அந்த வரிக்குச் சிரித்ததாகக் கடிதம் போட்டார்கள். அந்தக் கடிதங்களையும் திகதி வாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன்.

பூட்டுத் தொங்கிய நூல்

பன்னிரண்டு நாட்களில் எட்டு, வருகிறேன் என்று சொல்லி வராத ஓடாவிமாரைப் பார்த்திருந்ததில் போயிற்று. அவர்களுக்குத் தொலைபேசியில் இருக்கும் மரியாதை நேரில் வருவதில் இல்லை. ஒன்பதாம் நாள், புதன்கிழமை, மீன்காரர்தான் தன் மச்சான் ஒருவரைக் கூட்டி வந்தார். கிண்ணியாக்காரர். பெயர் றபீக். நாற்பது வயதுக்குள் இருக்கும். பையில் சீவுளி இருக்கிறதா என்று முதலில் பார்த்தேன். இருந்தது. என் மனம் சலித்துவிட்டது.

ஆனால் அவர் பையைத் திறக்கவில்லை. "நீங்க மெல்லமாத் திறங்க சேர்" என்று சொல்லிவிட்டுத் தரையில் குந்தினார். நான் திறந்தேன். "மூடுங்க." மூடினேன். "இன்னொருக்கா." ஐந்து முறை. பதினாறு வருடத்தில் அந்தக் கதவின் அடியைக் கண்ணால் பார்த்த முதல் மனிதர் அவர்தான்.

"தரை மேடு" என்று நான் உதவினேன். "மேசன்ர பிழை."

"தரையில பிழ இல்ல சேர்." விரலால் வில்லைத் தொட்டுக் காட்டினார். "இஞ்ச வாசலோட கீறலே இல்ல. ஒரு அடி தள்ளித்தான் தொடங்குது. போகப் போக ஆழம் கூடுது. கதவு திறக்கத் திறக்கக் குனிஞ்சுகொண்டு வருது."

ஒரு நூல் கேட்டார். கொடுத்தேன். பாரமாக ஏதும் கேட்டார். படலையின் ஆமைப்பூட்டைக் கழற்றிக் கொடுத்தேன். நூலில் பூட்டைக் கட்டி, பிணைச்சல் எனும் கீல் பூட்டிய பக்கத்து நிலைமரத்தின் உச்சியில், உள்பக்க விளிம்பில் பிடித்துத் தொங்கவிட்டார். பூட்டு ஆடி ஓய்ந்தது. மேலே நூல் மரத்தோடு ஒட்டி நின்றது. கீழே மரத்தை விட்டு விலகி நின்றது. நானே அளவுகோல் வைத்துப் பார்த்தேன். ஒன்றரை அங்குலம்.

"நிலை உள்ளுக்குச் சாஞ்சு நிக்குது" என்றார் றபீக். "அதில தொங்குற கதவும் சாஞ்சுதானே வரும். சுவரைச் சாந்து பூசி நேராக்கிட்டாங்க, அதான் கண்ணுக்குத் தெரியல. ஆரு சேர் இந்த நிலைய வச்ச?"

தரையில்லை, நிலை. என் தீர்ப்பில் இடம் மட்டும்தான் மாறியது, குற்றவாளி மாறவில்லை. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"இருங்கோ, ஆளின்ர பேரையே காட்டுறன்" என்று உள்ளே போனேன்.

நீல மட்டை டயறி

முப்பத்தொரு வருட டயறிகள் அலுமாரியில் வருட ஒழுங்கில் இருக்கின்றன. வீடு கட்டிய வருடத்துக்குரியது நீல மட்டை. இரண்டு நிமிடத்தில் பக்கத்தைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்து, கதவடியில் நின்று, உரத்து வாசிக்கத் தொடங்கினேன். றபீக் தேத்தண்ணியோடு நின்றார். அண்ணர் உள்ளே கதிரையில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

நிலை வைப்பது எங்கள் பக்கத்தில் சின்ன விசயம் இல்லை என்பது வாசகர்களுக்குத் தெரியும். சாத்திரியார் நேரம் குறித்துத் தருவார். அந்த நேரத்துக்கு வாசல் நிலை நிமிர்ந்து நிற்கவேண்டும். மஞ்சள் துணியும் மாவிலையும் கட்டி, தேங்காய் உடைத்து, அதற்குப் பிறகுதான் சுவர் எழும்பும். அப்படி வைத்த நிலையைப் பிறகு அசைப்பதில்லை.

"காலை ஏழு நாற்பத்திரண்டுக்கு நிலை வைக்கப்பட்டது" என்று வாசித்தேன். "முதல்நாள் இரவே வானொலி மணியோடு கடிகாரத்தைச் சரிபார்த்திருந்தேன். மேசன் தூக்குக்குண்டு பிடித்துப் பார்க்க இரண்டு நிமிடம்..."

அந்த இடத்தில் நிறுத்தினேன்.

"மிச்சத்தையும் வாசி" என்றார் அண்ணர். கண் திறக்கவில்லை.

என் கையெழுத்து. என் மை. சிவப்புக் கோடுகூடப் போட்டிருக்கிறேன். வாசித்தேன்:

"...இரண்டு நிமிடம் கேட்டார். கொடுக்கவில்லை. நேரம் தவறாமல் காரியம் முடிந்தது. பின்னேரம் மேசன் வந்து, நிலை சாய்வாக நிற்பதாகவும் சாந்து இறுகுமுன் தட்டி நிமிர்த்தலாம் என்றும் சொன்னார். வைத்த நிலையில் கை வைக்கக்கூடாது என்று கண்டித்து அனுப்பினேன்."

றபீக் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதைப் பார்க்காததுபோல் இருந்தேன்.

"நான்தான் வலப்பக்கம் பிடிச்சுக்கொண்டு நிண்டனான்" என்றார் அண்ணர். "எல்லாரும் உன்ர மணிக்கூட்டைத்தான் பாத்தம். நிலையை அந்த மேசன் ஒருத்தன்தான் பாத்தவன்."

"அப்ப ஏன் அண்ணை இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

"சொன்னால் டயறியைக் கொண்டுவந்து அப்பிடி நடக்கேல்லை எண்டு காட்டியிருப்பாய்."

டயறியில் எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன் என்று சொல்லித் திரிந்தவன் நான். எழுதியதை ஒருமுறை திரும்ப வாசிக்க எனக்குப் பதினாறு வருடத்தில் இரண்டு நிமிடம் கிடைக்கவில்லை. சீவியவர்களை ஏளனம் செய்தேன். அவர்களாவது கையில் ஏதோ கருவியை எடுத்தார்கள். மேசன் மேல் பழியைப் போட்டதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. வீடு கட்ட நினைத்த அயலவர் இருவர் அவரைப் பற்றி விசாரித்தபோது, இந்தக் கதவை இழுத்துக் காட்டியே அவருடைய வேலையைக் கெடுத்திருக்கிறேன். இந்தத் தொடரில் அவரைப் பற்றி எழுதிய அந்த வரியை, எழுதிய இடத்திலேயே திரும்பப் பெறுகிறேன். அன்று கண்ணை வேலைக்குக் கொண்டு வந்தவர் அவர் ஒருவர்தான். சிரித்து எழுதிய வாசகர்கள் இனி என்னைப் பார்த்துச் சிரிக்கலாம். அந்தக் கடிதங்களையும் அடுக்கி வைப்பேன்.

இராகுகாலம்

நிலையைக் கழற்றுவதென்றால் சுவரை உடைக்கவேண்டும்; ஞாயிறுக்குள் நடக்காது. "நிலை சாஞ்சே நிக்கட்டும் சேர், கதவு நேராத் தொங்கினாச் சரி" என்றார் றபீக். கீழ்ப் பிணைச்சலுக்கு மரத்துண்டு வைத்து ஒன்றரை அங்குலம் உள்பக்கம் தள்ளுவது, நடுப் பிணைச்சலை அதில் பாதி. மூன்றும் நூல் வழியே ஒரே நேரில் வந்தால் கதவு குனியாது. மூடினால் கதவின் அடி மட்டும் நிலையை விட்டுத் துருத்திக்கொண்டு நிற்கும். அந்த இடைவெளிக்கு ஒரு சட்டம் அடிக்கலாம். முன்பு சீவி எடுத்த அளவுக்குக் கதவின் அடியிலும் ஒரு சட்டம்.

"வடிவு கொஞ்சம் குறையும்" என்றார்.

"வடிவை ஆர் கேட்டது?" என்றார் அண்ணர்.

"வெள்ளி காலமை வாறன். ஜும்மாவுக்கு முதல் முடிச்சிருவன்."

வெள்ளிக்கிழமை சொன்னபடி வந்தார். பழைய ஆணித் துளைகளுக்குக் குச்சி அடித்து மூடவும், துண்டுகளைச் செதுக்கவும், சட்டம் ஒட்டவும் நேரம் போயிற்று. கதவை மாட்டத் தயாரானபோது மணி பத்து நாற்பது. பாடசாலை விடுமுறை என்பதால் ஆசிரியையான மனைவி வீட்டில் இருந்தாள். கலண்டரைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து மெல்லச் சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, பத்தரைக்கு இராகுகாலம் தொடங்கியிட்டுது. பன்னிரண்டு வரைக்கும் இருக்கு. வாசல் கதவெல்லோ?"

பன்னிரண்டுக்குப் பிறகு என்றால் றபீக் பள்ளிவாசலில் இருப்பார். மறுநாள் அவருக்குத் தோப்பூரில் வேலை. அதற்கு மறுநாள் வான். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பழக்கம்.

அண்ணர் கதிரையிலிருந்து சொன்னார்: "பிள்ளை, நல்ல நேரத்தில வச்சதைத்தானே இவ்வளவு காலமும் இழுத்துக்கொண்டிருக்கிறம்."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். "மாட்டுங்கோ" என்றேன் றபீக்கிடம். கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கதவின் மறுபக்கத்தைத் தூக்கிப் பிடித்தேன். கடைசி ஆணி இறுகியதும் கைப்பிடியில் கை வைக்கப் போனேன்.

"நீங்க வேணாம் சேர்" என்றார் அவர். "ஐயா திறக்கட்டும்."

அண்ணர் எழும்பி வந்தார். பொல்லை நிலையில் சாய்த்துவிட்டு, கைப்பிடியை இடக்கையால் பிடித்து, பழைய கதவை இழுக்கும் பலத்தோடு இழுத்தார். கதவு ஒரு சத்தமும் இல்லாமல் பறந்து வந்தது. அவர் பின்னால் தள்ளாட, றபீக்கின் கை முதுகில் வந்து நின்றது.

"பலம் வேணாம் ஐயா."

இரண்டாம் முறை இரண்டு விரலால் திறந்தார். மூடினார். திறந்தார். பிறகு பொல்லை எடுத்துக்கொண்டு வெளியே போனார். படியை இறங்கி, படலையைத் தாண்டி, தெரு சரிகிற இடம்வரை. அங்கே நின்றால் இரண்டு கூரைகளுக்கு நடுவே உள்துறைமுகத்துத் தண்ணீர் தெரியும். நான் பின்னால் போகப் புறப்பட்டேன். மனைவி என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

டயறியில் அன்று எழுதியது இவ்வளவுதான்: "வெள்ளி. பதினொன்று பத்து. இராகுகாலம். கதவு மாட்டப்பட்டது. அண்ணர் ஒரு கையால் திறந்தார்."

அவர் திரும்பி வர அரை மணித்தியாலம் ஆயிற்று. அதற்குள் றபீக் பையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டிருந்தார். காற்று எழும்பியிருந்தது. கதவு படாரென்று அடித்து மூடிக்கொண்டது. அண்ணர் வெளியிலிருந்து தானே திறந்தார். உள்ளே கால் வைத்ததும் காற்று அதை மறுபடி அவர் கையிலிருந்து பறித்து அடித்தது. சுவரில் இருந்த கலண்டர் விழுந்தது.

"இனி முண்டு குடுக்காமல் ஏலாது" என்றாள் மனைவி.

அண்ணர் கதவை மறுபடி திறந்தார். முதுகால் அதைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் கட்டி வைத்திருந்த தன் பெட்டியைப் பொல்லால் தள்ளித் தள்ளிக் கொண்டுவந்து கதவடியில் விட்டார். கதவு பெட்டியில் முட்டி நின்றது.

"அத்தான், அதுக்குள்ள உங்கட உடுப்பெல்லோ கிடக்கு?" என்று அவரிடம் கேட்டாள் மனைவி.

"உடுப்பை எடுத்து அலுமாரியில வை பிள்ளை" என்றார் அண்ணர். "பெட்டிக்குள்ள ரெண்டு செங்கல்லை வச்சுப் பூட்டிவிடு."